எடுத்த கணக்கை மறுபடி எடுக்கச் சொல்லாதீர்கள்: ஆராய்ச்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு உறுப்பினர்களுக்கும், நெறியாளர்களுக்கும், ஆய்விதழ் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பாம்பன் பக்கத்துக்காரி. பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் என்னுடைய குழுக் கூட்டத்தில் நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. நான் பேசி முடித்ததும் உறுப்பினர் ஒருவர் 2018ல் வந்த என் கட்டுரையையும் இப்போது எழுதியிருக்கும் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் புரட்டிப் பார்த்தார். "இது பழைய டேட்டாதானேம்மா. ஏற்கெனவே பப்ளிஷ் ஆனது. புதுசா ரெண்டு வருஷம் எடுத்துட்டு வாங்க" என்றார். கூட்டக் குறிப்பில் சுயக் களவு, அதாவது தான் ஏற்கெனவே வெளியிட்டதையே புதிது போல் காட்டுவது, என்ற சொல்லே ஏறிவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, எந்தப் பல்கலைக்கழகம், யார் என்பதும் இங்கே தேவையில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை இந்தக் கரையில் நண்டு படித்தவரும் கேட்டிருக்கிறார், கடற்புல் படித்தவரும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, எதிர்த்துப் பேசப் பயந்து, மறுபடி கடலுக்கு இறங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய டேட்டா என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸெல் தாளில் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் எண்ணாகத்தான் தெரியும்.

எங்கள் பக்கம் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் என்ற உறைபொருள் செய்யப் போகும், கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட் என்ற கெட்டிப்பொருளுக்குப் போகும். மாதம் முழுக்க எடுப்பதில்லை, பன்னிரண்டு நாள்தான் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியும் நிறுத்திக்கொள்கிறார்கள். 2015 தொடக்கத்திலிருந்து 2017 முடிவு வரை, அந்தப் பன்னிரண்டு நாளில் முடிந்த நாளெல்லாம் நான் ஒரு ஸ்பிரிங் தராசோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஏறி வந்ததும் பாசியை மணலில் கொட்டி, தண்ணீர் வடியப் பத்து நிமிஷம் விட்டு, மணலை உதறி, வகை வகையாகப் பிரித்து நிறுத்துக் குறித்துக்கொள்வேன். ஒரு வரி இப்படி இருக்கும்: ஜனவரி, இறங்கியது 7.10, ஏறியது 12.40, மரிக்கொழுந்து 9 கிலோ, கஞ்சி 14 கிலோ, வாடை, தண்ணி கலங்கல். இப்படி மூன்று நோட்டு, மூவாயிரத்துக்கு மேல் வரிகள். சில பக்கங்களில் ஈரக்கை பட்டு மை கலைந்திருக்கிறது, அந்த வரிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தைச் சும்மா சொல்லவில்லை. ஐந்தரை மணி நேரம் கடலில் கிடந்துவிட்டு ஈரச் சேலையோடு ஏறி வருகிறவர்களுக்கு அது நீண்ட நேரம். வியாபாரியின் வண்டி காத்துக்கொண்டிருக்கும், வீட்டில் உலை வைக்க வேண்டும். இருந்தாலும் எனக்காக நின்றார்கள். மூன்று வருஷம் நின்றார்கள்.

2018 கட்டுரையில் நான் கேட்டது ஒரு கேள்விதான். ஒரு மணி நேரம் முங்கினால் எத்தனை கிலோ கிடைக்கிறது, மாதத்துக்கு மாதம் அது எப்படி மாறுகிறது. அதற்கு முதல் இரண்டு வருஷக் கணக்கு போதுமாக இருந்தது. இப்போது தீசிஸில் கேட்பது வேறு. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தன. 1998, 2010க்கு அப்புறம் வந்த பெரிய வெளுப்பு அது. பவளத்துக்கு என்ன ஆனது என்று பலர் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். அதே சூட்டில் அதே பாறைகளைச் சுற்றி வளர்கிற பாசிக்கு என்ன ஆனது, மரிக்கொழுந்து ஒரு மாதிரியும் கஞ்சி வேறு மாதிரியும் நடந்துகொண்டதா, மறுபடி பழைய அளவுக்கு வர எத்தனை மாதம் ஆனது என்பது என் கேள்வி. இதற்கு மூன்று வருஷ எடையும் வேண்டும். கூடவே அமெரிக்காவின் நோவா அமைப்பு செயற்கைக்கோளிலிருந்து எடுத்து இலவசமாகத் தருகிற கடல் வெப்பக் கணக்கும் வேண்டும். எடைகளில் பாதிக்கு மேல் பழையவை, ஒளிக்கவில்லை. ஆனால் கேள்வி பழையதில்லை, பதிலும் 2018 கட்டுரையில் எங்கும் இல்லை.

"புதுசா ரெண்டு வருஷம் எடுங்க" என்று சொன்னபோது எனக்கு வாயடைத்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் நான் உட்காரத் தயார். ஆனால் 2016 கோடையை எங்கே போய் எடுப்பேன்? அந்த வருஷம் தடைக்காலம் 45 நாள், அடுத்த வருஷம் அது 61 ஆனது. தடைக்கு முன்னால் நிறுத்த எடையும் தடை முடிந்து முதல் நாள் நிறுத்த எடையும் அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன. ஆய்வகத்தில் ஒரு குடுவை கவிழ்ந்தால் அடுத்த நாள் இன்னொரு குடுவை வைக்கலாம். கடலில் ஒரு பருவம் போனால் போனதுதான். அடுத்து வருவது வேறு பருவம், வேறு சூடு, வேறு நீரோட்டம். வெளிக்கள ஆய்வைப் பொறுத்தவரை "பழைய டேட்டா" என்பது குறையே இல்லை, பல நேரம் அதற்குத்தான் மதிப்பே.

கூட்டம் முடிந்து ஊருக்கு வந்து, சரி, சொன்னபடி செய்துதான் பார்ப்போமே என்று மறுபடி தராசை எடுத்துக்கொண்டு போனேன். தெரிந்த அக்கா ஒருவர் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஏம்புள்ள, அத்தனை நாளு நிறுத்தியே, அந்த நோட்டெல்லாம் எங்க? தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். தொலைக்கவில்லை, அதை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்கிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "பாசியத்தான் ஒரு தடவை விக்கலாம். யாவாரி நோட்ட நாங்களும் பாப்போம், அவரும் பாப்பாரு, சங்கத்துலயும் பாப்பாங்க. நோட்டு என்ன தேஞ்சா போவுது?" என்றார். நான் தராசை மடக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த மடலில் நான் நீட்டி நீட்டிச் சொல்லப் போவது முழுவதும் அவர் கேட்ட அந்தக் கேள்விதான்.

கடற்புல் படிக்கிற நண்பரின் நிலைமை இன்னும் மோசம். நான் பிறர் எடுத்த பாசியை நிறுத்தேன், அவ்வளவுதான். அவர் சதுரச் சட்டம் போட்டு, குழாயை மண்ணில் இறக்கி, வேரோடும் கிழங்கோடும் புல்லைப் பிடுங்கி எடுக்க வேண்டும், அப்போதுதான் உலர் எடை கிடைக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் தரையில் ஒரு வழுக்கை விழும். வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) கடல்பசுவும் ஆமையும் மேய்கிற அந்தப் புல்லை, முன்பு எடுத்த கணக்கு கையில் இருக்கும்போதே, ஒரு படிவத்தில் "புதிய தரவு" என்று எழுதுவதற்காக மறுபடி பிடுங்குவது எந்த அறத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. விலங்குகளை வைத்துச் சோதனை செய்கிறவர்களிடம் தேவையில்லாமல் திரும்பச் செய்யாதே என்று விதி போட்டு நெறிக் குழுவும் வைக்கிறோம். கடலடித் தரைக்கும், கரையில் நிற்கிற மனுஷிக்கும் அந்த யோசனை வேண்டாமா?

சரி, விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் இதைப் பற்றி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. என் கூட்டத்திலும் அதைத்தான் காட்டினார்கள். தயவுசெய்து அதை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். வெளியான கட்டுரையை மறுபடி வெளியிடுவது, பெரிய கட்டுரையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போடுவது, முன்பு பயன்படுத்திய தரவை இன்னொரு கட்டுரையில் பயன்படுத்துவது, ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக்கிப் புதியது போல் போடுவது, தன் பழைய எழுத்தையே வேறு வார்த்தையில் எழுதுவது என்று ஐந்தையும் சொல்கிற அந்த அறிவிப்பு, ஒவ்வொன்றோடும் ஒரே நிபந்தனையைச் சேர்த்தே சொல்கிறது: உரிய முழு மேற்கோள் இல்லாமல் செய்தால். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு மீதியை மட்டும் படித்தால் தரவை மறுபடி தொடுவதே குற்றம் என்றுதான் தோன்றும். குற்றம் என்று அது சொல்வது மறைப்பதை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் பரிந்துரையும் இதே திசையில்தான் போகிறது. ஒரே தரவுத் தொகுப்பிலிருந்து வேறு வேறு கட்டுரைகள் வரலாம், ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைச் சொல்ல வேண்டும், எது முதல் பகுப்பாய்வு எது இரண்டாவது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும் என்கிறது.

என் அத்தியாயத்தின் இரண்டாவது பக்கத்திலேயே 2018 கட்டுரையைக் குறிப்பிட்டு, எந்த மாத வரிகள் இரண்டிலும் இருக்கின்றன என்று அட்டவணையே போட்டிருந்தேன். அந்த உறுப்பினர் பழைய கட்டுரையைக் கண்டுபிடித்ததும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான்.

இப்போது மறுபக்கத்தையும் பேச வேண்டும். பேசாவிட்டால் நான் எனக்கு வசதியானதை மட்டும் சொல்கிறேன் என்று ஆகிவிடும். தரவை மறுபடி பயன்படுத்துவதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதை நானே செய்திருக்கிறேன்.

2017ல் ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் முதல் வருஷக் கணக்கை மட்டும் வைத்துச் சின்னக் கட்டுரை ஒன்று போட்டேன். 2018ல் முதல் இரண்டு வருஷக் கணக்கை வைத்து ஆய்விதழில் எழுதியபோது அந்தச் சின்னக் கட்டுரையைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் "ஏற்கெனவே வந்தது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவர் ஒருவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து, பல கரைகளின் பாசி விளைச்சலைத் தொகுத்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருடைய அட்டவணையில் எங்கள் கரை இரண்டு வரியில் இருந்தது, இரண்டு தனித்தனி ஆய்வாக. இரண்டும் வேறு வேறு இடமா என்று கேட்டிருந்தார். இல்லை, ஒரே கரை, ஒரே பெண்கள், ஒரே தராசு. அன்றைக்கு எனக்கு வந்த கூச்சம் இன்னும் போகவில்லை. அவர் கேட்காமல் விட்டிருந்தால், அந்த அக்காமார் 2015ல் ஒரு தடவை முங்கி எடுத்தது இரண்டு தடவை எடுத்ததாகக் கணக்கில் நின்றிருக்கும். அந்த எண்ணை வைத்து யாராவது "இந்தக் கரையில் பாசி இவ்வளவு தாங்கும்" என்று முடிவு எடுத்திருக்கலாம். ஆய்விதழுக்கு எழுதி ஒரு திருத்தம் போட வைத்தேன்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மருத்துவத்தில் நன்கு தெரிந்த உதாரணம் உண்டு. ஒண்டான்செட்ரான் என்று வாந்தியை நிறுத்தும் மருந்து, நம் ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் வருகிற வாந்தியை அது எவ்வளவு நிறுத்துகிறது என்று வெளியான ஆய்வுகளையெல்லாம் ஒரு குழு சேர்த்துப் பார்த்து 1997ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. வெளியான ஆய்வறிக்கைகளில் 17 சதவீதமும், நோயாளிகளின் தரவில் 28 சதவீதமும் இரட்டிப்பாக இருந்தன. ஒரு கட்டுரை இன்னொன்றைச் சொல்லவே இல்லை. ஆசிரியர் வரிசை கூட மாறியிருந்ததால் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அந்த இரட்டிப்பைக் கழிக்காமல் கூட்டினால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. நன்றாக வேலை செய்ததாகத் தெரிந்த முடிவுகளே திரும்பத் திரும்ப அச்சேறியிருந்தன, அதனால்தான் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது.

அதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஆபத்தைத் தடுக்க ஒரு வரி போதும் என்கிறேன். "இந்த எடைகள் இந்தக் கட்டுரையிலும் வந்துள்ளன, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை ஒன்றே" என்ற ஒரு வரி இருந்தால் தொகுக்கிறவர் ஒன்றை விட்டுவிடுவார், கணக்கு நேராகிவிடும்.

இன்னொன்றும் உண்டு, புள்ளியியல் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள். ஒரே நோட்டை வைத்துக்கொண்டு இருபது கேள்வி கேட்டால், வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலில், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று "இருக்கிறது" என்று வந்து நிற்கும். இருபதில் அந்த ஒன்றை மட்டும் தனிக் கட்டுரையாகப் பார்க்கிறவருக்கு மீதி பத்தொன்பது கேட்கப்பட்டதே தெரியாது. இதற்கும் மருந்து அதுவேதான். இந்த நோட்டை வைத்து இதுவரை என்னென்ன கேட்டோம், எது வெறுங்கையோடு திரும்பியது என்று எழுதிவிட வேண்டும். அப்புறம், என் இரண்டாவது கட்டுரை முதல் கட்டுரைக்குச் சாட்சி ஆகாது. ஒரே நோட்டு இரண்டு தடவை சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிற கருவி இதில் எதையும் பிடிக்காது. எழுத்து எவ்வளவு ஒத்திருக்கிறது என்று சதவீதம் காட்டுகிற அந்த மென்பொருள் வார்த்தையைப் பார்க்கும், எண்ணைப் பார்க்காது. அதே எடைகளை எடுத்து, வேறு வார்த்தையில் எழுதி, பழைய கட்டுரையைச் சொல்லாமல் விட்டால் ரிப்போர்ட்டில் நாலு சதவீதம் வரும், எல்லோரும் கைகுலுக்குவார்கள். நேர்மையாக, தராசு எப்படி வைத்தேன், தண்ணீர் எத்தனை நிமிஷம் வடியவிட்டேன் என்று பழைய கட்டுரையில் எழுதிய அதே வார்த்தையில் எழுதினால் சதவீதம் ஏறும். செய்த முறை ஒன்றேயாக இருக்கும்போது அதை வேறு வார்த்தையில் எழுதுவதால் யாருக்கு லாபம்? படிக்கிறவர் இரண்டு தடவையும் இரண்டு விதமாக நிறுத்தோமோ என்று குழம்புவதுதான் மிச்சம். மானியக் குழுவின் 2018 எழுத்துக் களவு விதிமுறையில் 10 சதவீதம் வரை சிக்கல் இல்லை, 10லிருந்து 40, 40லிருந்து 60, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து என்று படி வைத்திருக்கிறார்கள். பிறர் எழுத்தைத் திருடுகிறவர்களைப் பிடிக்க அது தேவை, அதை நான் எதிர்க்கவில்லை. ஒருவர் தன் கள முறையைத் தானே மறுபடி எழுதுவதை அந்தப் படியில் ஏற்றி நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

துண்டு போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே ஆய்வை மீன் துண்டு போடுகிற மாதிரி வெட்டி ஐந்து கட்டுரை ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வெட்டுக்கத்தியை யார் கொடுத்தது? ஆசிரியர் பதவி உயர்வுக்கான மானியக் குழுவின் 2018 விதிமுறையில் அறிவியல் துறைக்கு ஒரு கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி 8. மூன்று வருஷம் கரையில் உட்கார்ந்து எழுதிய ஒரு முழுக் கட்டுரைக்கும் 8தான், அதைப் பிய்த்து எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் 8தான். எண்ணி எண்ணிப் புள்ளி கொடுத்துவிட்டு ஏன் எண்ணிக்கையைக் கூட்டுகிறாய் என்று கேட்பதில் நியாயம் இல்லை. 2022ல் வந்த புதிய பிஎச்.டி. விதிமுறை, தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. அது நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் உள்ளூர் விதியாக அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

துண்டுக்கும் தனிக் கேள்விக்கும் வித்தியாசம் காண்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. இரண்டாவது கட்டுரையின் விடையை முதல் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தியில் சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்கலாம் என்றால் துண்டு. மரிக்கொழுந்துக்கு ஒரு கட்டுரை, கஞ்சிக்கு ஒரு கட்டுரை, கட்டக்கோரைக்கு ஒரு கட்டுரை என்று நான் எழுதியிருந்தால் அது துண்டு, என்னைத் திருப்பி அனுப்புங்கள். இதற்கு மென்பொருள் வேண்டாம், இரண்டையும் படிக்கிற ஒரு ஆள் வேண்டும்.

ஒரே தரவைப் பல தடவை படிப்பது புது வழக்கமும் இல்லை. ஹவாய் தீவில் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958ல் காற்றில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரே தொடர் எண்களை வைத்து அவரும் எழுதினார், அவர் மகன் ரால்ஃப் கீலிங்கும் எழுதினார், உலகமே எழுதிக்கொண்டிருக்கிறது. "1958 எண்களை ஏற்கெனவே வெளியிட்டாயிற்று, இனி தொடாதே" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏறுமுகக் கோடு நமக்குத் தெரிந்தே இருக்காது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948ல் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய இதய ஆய்விலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்திருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு ஒரு தடவை, புகைக்கு ஒரு தடவை என்று மறுபடி மறுபடி புது ஆட்களைத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவ்வளவு தூரம் ஏன், 1947ல் தொடங்கப்பட்டு, பிறகு 1971ல் கொச்சிக்குப் போகும் வரை நம் மண்டபம் முகாமில் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீன் இறங்குதளங்களில் எடுக்கிற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இறங்குதளக் கணக்கை மீன் இருப்பைப் பார்க்கிறவரும் பயன்படுத்துகிறார், பருவநிலையைப் பார்க்கிறவரும் பயன்படுத்துகிறார். அப்படிப் பயன்படுவதற்குத்தானே அது எடுக்கப்படுகிறது.

அப்போ என்னதான் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம்.

தீசிஸ் படிவத்திலும் கட்டுரை அனுப்பும் படிவத்திலும் ஒரு கட்டம் போடுங்கள்: இந்தத் தரவு இதற்கு முன் எங்கே பயன்பட்டது, எந்தப் பகுதி, என்ன கேள்விக்காக. அதை நிரப்பியவரைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள், நிரப்பாதவரைப் பாருங்கள். இன்றைக்கு நிலைமை தலைகீழாக இருக்கிறது. சொன்னவர் மாட்டிக்கொள்கிறார், சொல்லாதவர் தப்பிக்கிறார். என் கூட்டத்தில் இருந்த இளைய மாணவர்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் "அட்டவணை போடாதே" என்பதாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் இரண்டு மாதமாக மனசை அறுக்கிறது.

தரவைத் தனியாகச் சேமித்து ஒரு நிரந்தர எண் வாங்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013லிருந்து நடத்துகிற ஜெனோடோ என்ற இணையச் சேமிப்பகத்தில் இலவசமாகவே வைக்கலாம், டிஓஐ என்கிற அந்த நிரந்தர எண்ணும் கிடைக்கும். தரவை மட்டும் விவரிக்கிற கட்டுரைகளுக்கென்றே 2014லிருந்து சயின்டிஃபிக் டேட்டா என்ற ஆய்விதழ் நடக்கிறது. நோட்டுக்கு ஒரு எண் வந்துவிட்டால், அதிலிருந்து எழுதுகிற ஒவ்வொரு கட்டுரையும் அந்த எண்ணைச் சொல்லும், எத்தனை கட்டுரை வந்தாலும் நோட்டு ஒன்றுதான் என்பது தொகுக்கிறவருக்குத் தானாகத் தெரியும். இது எல்லாத் தரவுக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் யார் எந்த இடத்தில் முங்கினார் என்று இருக்கிறது. தேசியப் பூங்காத் தீவுகளை ஒட்டிய கடல் அது, அந்த விவரம் வெளியே போனால் நாளைக்கு அவர்களுக்குத்தான் தொந்தரவு. பெயரை எடுத்துவிட்டு, இடத்தைப் பொதுவாகக் குறித்து, மீதியை வைக்கலாம். என்னை நம்பி நின்றவர்களுக்கு அந்த அளவாவது நான் செய்ய வேண்டும். எந்த வேலைக்கெல்லாம் இந்தக் கணக்கைப் பயன்படுத்துவேன் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 2015ல் நான் அதைக் கேட்கவில்லை, போன மாதம் போய்க் கேட்டேன். கிடைத்தவர்கள் எல்லோரும் சரி என்றார்கள்.

பழைய தவறைத் திருத்த வருகிறவர்களுக்கு வழி விடுங்கள். 2018ல் நான் செய்தது போல் பயத்தில் குறிப்பிடாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தானாக முன்வந்து "இந்த இரண்டு கட்டுரையும் ஒரே தரவு" என்று திருத்தம் போடுகிறவரைத் தண்டிக்க மாட்டோம் என்று ஒரு வரி அறிவியுங்கள். எவ்வளவு இரட்டைக் கணக்கு நேராகும் என்று பாருங்கள்.

மறுபடி களத்துக்குப் போ என்று சொல்லும் முன், யாருடைய நேரத்தை, எந்தத் தரையை அதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். புதிய தரவு இல்லாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால் போகச் சொல்லுங்கள், யாரும் மறுக்கப் போவதில்லை. பாசி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் நாளைக்கே தராசை எடுப்பேன். 2016ல் எப்படி இருந்தது என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் திறக்க முடியும்.

என் கோப்பு அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. மூன்று நோட்டையும் கொண்டு வருகிறேன். 2018 கட்டுரையில் வந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், 2017 தொகுப்பில் வந்தவற்றுக்கு இரண்டு கோடு. மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். முதல் நோட்டைப் புரட்டும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து, தையல் விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி